எட்டு மேட்ச்

மோனிகாவின் இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்து, சுவரோடு சேர்ந்திருக்கும் பீரோவைக் கொஞ்சம் கோணமாகத் தள்ளி வைப்பது போல, ஒரு பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள் அந்தக் கஜகஸ்தான்காரி. அவ்வளவுதான் செய்தாள். நாலடி பின்னால் போய் விசில் ஊதினாள். எதிரே பந்தோடு வந்த பெண் உள்பக்கமாக வெட்டப் பார்த்தாள், வழியில்லை. சரியென்று கோட்டோரமாகப் போனாள். மோனிகா அவசரப்படாமல் கூடவே ஓடி, மைதானத்தின் ஓரத்துக்கு அவளை ஒதுக்கிக்கொண்டு போய், இனி போக இடமில்லை என்ற இடத்தில் காலை நீட்டிப் பந்தை எடுத்துக்கொண்டாள். இடிக்கவில்லை, விழவில்லை, புழுதிகூடக் கிளம்பவில்லை.

கோல் போஸ்ட் பக்கத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த மங்கை அதைப் பார்த்தபடியே நின்றாள். நேராக நில்லு, கண்ணைப் பந்தைவிட்டு எடுக்காதே, கிட்ட வந்ததும் பாய். ஆறு வருஷமாக அவள் மோனிகாவுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. பாய்ந்து பாய்ந்து மோனிகாவின் இரண்டு முழங்கையிலும் ஆறாத சிராய்ப்பு எப்போதும் இருக்கும். அதை ஒரு பெருமையாகவே இருவரும் வைத்திருந்தார்கள். ஆனால் மங்கையைத் தைத்தது அது இல்லை. பந்தைப் பிடுங்கியதும் மோனிகா திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து நல்லதாக எதைச் செய்தாலும் அவள் திரும்பிப் பார்ப்பது மங்கையைத்தான். இப்போது அவள் பார்த்தது அந்தப் பொம்பளையை. அவளும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மோனிகா சிரித்த சிரிப்பில் செஞ்சிக் கோட்டை மலையே வெளுத்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்தக் கோச்சின் பெயர் ஜனார். சென்னையில் பெண்கள் லீக்கில் ஆடும் ஒரு கிளப் அந்த வருஷம் அவளைக் கொண்டுவந்திருந்தது. செஞ்சி, திண்டிவனம், கடலூர்ப் பக்கத்துப் பெண்கள் நன்றாக ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கிளப்பே செலவழித்துச் செஞ்சியில் மூன்று வாரக் கேம்ப் போட்டது. பெயரை இங்கிலீஷில் அனுப்பியிருந்தார்கள். இசட்டும் ஹெச்சும் சேர்ந்து வந்தால் 'ழ' தானே என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் 'ழனார்' என்று அடித்துவிட்டார். ஊரில் அந்த எழுத்து யார் வாயில் நுழைகிறது? முதல் நாளே அவள் 'லனார் மேடம்' ஆகிவிட்டாள். மூன்று தடவை திருத்திப் பார்த்தாள். நாலாவது தடவை லனார் என்று கூப்பிட்டதற்கே திரும்பி, "யெஸ்" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கட்டியிருந்த அந்த ஃப்ளெக்ஸில் அவள் ஆளுயரத்துக்கு இருந்தாள், நெற்றியில் பிளாஸ்திரி, ஜெர்சியெல்லாம் சேறு. கீழ் மூலையில் ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு மங்கை. 'ஒருங்கிணைப்பு: இந்திய வீராங்கனை மங்கை, உடற்கல்வி ஆசிரியை.'

ஜனாரைப் பற்றி இணையத்தில் இருந்ததையெல்லாம் மங்கை விழுப்புரம் பஸ்ஸில் போகும்போது போனில் தேடித் தேடிப் படித்திருந்தாள். கோதுமைக் காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன் ஊர். அப்பா தண்டவாளம் பார்க்கிறவர். பதினாலு வயது வரைக்கும் பையன்களோடுதான் ஆடியிருக்கிறாள். பதினைந்தில் ஒன்றரை நாள் ரயிலேறி ஷிம்கென்ட் என்ற ஊருக்குப் போய் ஒரு கிளப்பில் சேர்ந்தாள். பத்தொன்பதில் தேசிய அணி. நடு டிஃபென்டர். அறுபத்தோரு சர்வதேச ஆட்டம். இடது முழங்காலில் இரண்டு ஆபரேஷன். முப்பத்துமூன்றில் ஆட்டத்தை விட்டு, கோச்சிங் லைசென்ஸ் படித்து, அதே ஊரில் சின்னப் பெண்களுக்குக் கோச்சாகி, அப்புறம் இங்கே. மங்கையைவிட ஒரே ஒரு வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே வயதில், ஒரே டிஃபென்டர் இடத்தில் நின்று ஆட ஆரம்பித்தவர்கள். ஒருத்தி இங்கிருந்து விழுப்புரம், அங்கிருந்து சென்னை என்று போனாள். இன்னொருத்தி எங்கெல்லாமோ போனாள். அறுபத்தொன்று என்ற எண்ணை மங்கை போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கினாலும் அது அறுபத்தொன்றாகத்தான் இருந்தது.

மங்கையும் இந்திய அணிக்குப் போனவள்தான். அதில் பொய்யில்லை. இருபத்திரண்டு வயதில் கேம்ப், கேம்பிலிருந்து அணி, அணியோடு வெளிநாடு. நாலு ஆட்டம். நாலிலும் பெஞ்ச். மாற்று ஆட்டக்காரர்களின் பச்சைப் பனியனை ஜெர்சிக்கு மேல் மாட்டிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே உடம்பு சூடாக ஓடிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு டிஃபென்டர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். கோச் மங்கையைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் பனியனைக் கழற்றிப் போட்டாள். ஜெர்சியை உள்ளே சொருகினாள். ஆள் மாற்றும் நம்பர் பலகையைக்கூடத் தூக்கிவிட்டார்கள். அந்த நேரம் விழுந்தவள் எழுந்து நின்று, இரண்டு தடவை குதித்துப் பார்த்துவிட்டு, நான் ஆடுகிறேன் என்று கையசைத்தாள். பலகை இறங்கியது. மங்கை குனிந்து பனியனை எடுத்தாள். அது உள்பக்கம் வெளியே வந்து கிடந்தது. அதைச் சரியாகத் திருப்பி மாட்டிக்கொள்ள அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

ஊர் திரும்பியபோது கூட்டுரோட்டிலிருந்தே மேளம் வைத்து அழைத்து வந்தார்கள். அவளுடைய நைனா லாரி டியூப் மாதிரி ஒரு மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஆடினாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. போனாயா என்பதுதான் எல்லோருக்கும் முக்கியமாக இருந்தது. பதினாறு வருஷமாக அந்தக் கேள்வி வராமலே இருந்ததில், கல்யாணம் ஆகி, பார்ட் டைம் பி.டி. டீச்சராகி, சாயந்தரமானால் மைதானத்துக்கு வந்து பெண்களைச் சேர்த்துப் பழக்கி, அந்த நாலு ஆட்டமும் மெதுவாக அவளுக்குள்ளேயே ஆடிய ஆட்டம் போல ஆகிவிட்டிருந்தது.

கேள்வி கேம்பின் ஐந்தாம் நாள் வந்தது. பயிற்சி முடிந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முளைகட்டிய பயறு தின்றுகொண்டிருந்தார்கள். ஜனார் தன் கதையைத் துண்டு துண்டான இங்கிலீஷில் சொல்ல, கிளப்பின் பிசியோ ரஞ்சனி, சென்னைப் பெண், அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தோரு மேட்ச்ல நாப்பத்தி நாலு தோத்தாங்களாம்," என்றாள் ரஞ்சனி. பெண்கள் வாயைப் பிளந்தார்கள். ஜனார் சிரித்தாள். விரலைக் காட்டி ஏதோ சொன்னாள். "ஒரு மேட்ச்ல ஒன்பது கோல் வாங்கினாங்களாம். பத்தாவது வரக்கூடாதுன்னு கடைசிப் பத்து நிமிஷம் எல்லாரும் அழுதுகிட்டே ஓடினாங்களாம். வரலையாம். அதான் அவங்க வாழ்க்கையிலயே நல்ல மேட்சுன்னு சொல்றாங்க."

பெண்கள் கைதட்டினார்கள். மங்கைக்கு அந்த ஒன்பது கோலும் வேண்டும் போலிருந்தது. அந்த அழுகை, அந்தக் கடைசிப் பத்து நிமிஷம், எல்லாம். தோற்பதற்காவது உள்ளே விட்டிருக்கிறார்களே.

அப்போதுதான் ஜனார் அவள் பக்கம் திரும்பினாள். கேட்டதில் கள்ளமே இல்லை. ஒரு தொழில்காரி இன்னொரு தொழில்காரியைக் கேட்கிற மாதிரி. ரஞ்சனி அதைச் சத்தமாகத் தமிழில் சொன்னாள். "மங்கை மேடம், நீங்க இந்தியாவுக்கு எத்தனை மேட்ச் ஆடியிருக்கீங்கன்னு கேக்கறாங்க."

இருபத்தெட்டுப் பெண்களும் அவளைப் பார்த்தார்கள். பயறு மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. மோனிகாவும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு ஆவல் இருந்தது. எங்க மிஸ்ஸும் சாதாரண ஆள் இல்லை, சொல்லுங்க மிஸ், என்கிற மாதிரி.

"எட்டு," என்றாள் மங்கை.

ஏன் எட்டு என்று பிற்பாடு அவளுக்கே தெரியவில்லை. ஜனார் தலையை ஆட்டி, எழுந்து வந்து, கை கொடுத்தாள். "டிஃபென்டர்?" என்று கேட்டாள். "டிஃபென்டர்," என்றாள் மங்கை. ஜனாரின் கை கரடுமுரடாக, சூடாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் தாங்க முடியாமல் போனது. ஜனார் அவளைச் சமமாக நடத்த ஆரம்பித்தாள். எதற்கும் கூப்பிட்டாள், யோசனை கேட்டாள், தன் நோட்டைக் காட்டினாள். ஒருநாள் டிஃபென்ஸ் பயிற்சியை முழுக்க அவளிடமே விட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். மங்கை தன் வழக்கப்படி வரிசையாக நிற்கவைத்து விசில் ஊதினாள். மோனிகா சைடாகத் திரும்பி நின்றாள்.

"நேரா நில்லுடி!"

"மிஸ், மேடம் இப்டி நிக்க சொன்னாங்களே."

"இன்னாடி மேடம்? நான் இன்னா சொல்றேன் உங்கிட்ட?"

மோனிகா நேராக நின்றாள். எதிரே வந்த பெண் இரண்டே அடியில் அவளைத் தாண்டிக்கொண்டு போய்விட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த முறை மோனிகா, மங்கையின் முகத்தைப் பார்க்காமலே, மெல்ல இடுப்பைத் திருப்பிக்கொண்டாள். கீழ்ப்படியாமல் இல்லை. உடம்புக்கு அது பிடித்துப்போய்விட்டது. மங்கைக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

வீட்டில் சோறு போடும்போது கணவன் சிவசங்கரிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் மினி பஸ் டிரைவர். "அந்தம்மா இன்னிக்கி என் வண்டிலதான் வந்துது. கம்பியப் புடிச்சிக்கினு நின்னுக்கினே வருது, சீட்டு குடுத்தா வேணான்னுது. நல்ல மாதிரிதான்," என்றான். மங்கை அவனுக்கு ரசம் ஊற்றாமல் எழுந்து போய்விட்டாள்.

கேம்பின் இரண்டாம் வாரம், திருவண்ணாமலை ரோட்டு டீக்கடையில் வைத்து ஜனார் அந்த விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு அந்தக் கடை டீ பிடித்திருந்தது. எங்கள் ஊரிலும் பால் ஊற்றித்தான் குடிப்போம் என்று தினமும் இரண்டு கிளாஸ் குடிப்பாள். ரஞ்சனி இல்லை. இரண்டு பேருக்குமே அரைகுறை இங்கிலீஷ் என்பதால் பேச்சு நன்றாகவே புரிந்தது. ஷிம்கென்டில் தன் பழைய கிளப்பின் பயிற்சிப் பள்ளிக்கு இரண்டு பெண்களை இரண்டு மாதம் அனுப்பப் போகிறாள். திரும்பி வந்தால் நேராகச் சென்னை கிளப். கோல்கீப்பர் நிலா ஒருத்தி. இன்னொருத்தி மோனிகா. வெள்ளிக்கிழமை பெயர் அனுப்ப வேண்டும்.

"உங்கள் பெண்," என்றாள் ஜனார். "நீங்கள் செய்த பெண். எனக்குப் பதினெட்டு வயதில் இவ்வளவு தெரியாது." பிறகு டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "ஒன்று மட்டும். குதித்து இறங்கும்போது இடது காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறாள். பழைய அடி ஏதாவது உண்டா?"

இல்லை. மோனிகா சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் இறங்குவாள். வல்லத்தில் அவர்கள் வீட்டுக் கிணற்று மேட்டிலிருந்து குதித்துக் குதித்துப் பழகியது. மங்கைக்கு அது தெரியும். அந்த ஒரு கணத்தில் அவள் மோனிகாவை ஏர்போர்ட்டில் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோனிகா, கூட ஜனார். பனியில் மோனிகா. நெற்றியில் பிளாஸ்திரியோடு மோனிகா. பலகை ஏறி, இறங்காமல், உள்ளே ஓடுகிற மோனிகா. பேட்டி எடுத்தால் அவள் யார் பெயரைச் சொல்லுவாள் என்பதும் மங்கைக்குத் தெரிந்தது.

"உண்டு," என்றாள். "இரண்டு வருஷத்துக்கு முன்னால். இடது முட்டி. உள்ளே தசைநார் கிழிந்துவிட்டது. வீட்டில் மறைக்கிறார்கள்."

ஜனார் கிளாஸைக் கீழே வைத்தாள். அவள் கை தானாகத் தன் இடது முழங்காலுக்குப் போனது. பிறகு, "நன்றி, சொன்னதற்கு," என்றாள்.

மங்கைக்கு உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு நடந்து போகிற வரைக்கும் அந்தக் குளிர்ச்சி இருந்தது.

வெள்ளிக்கிழமை பெயர்களைப் படித்தார்கள். நிலா. கடலூர்ப் பெண் ஒருத்தி. மோனிகா கைதட்டினாள், எல்லோரையும்விடச் சத்தமாக. பிறகு ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள், அவிழ்த்தாள், கட்டினாள். அன்று சாயந்தரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மங்கையோடு நடந்து வந்தாள். இரண்டு வாரமாக அப்படி வந்ததில்லை.

"நான் இன்னா மிஸ் தப்பா ஆடனேன்?"

"நீ ஒண்ணும் தப்பா ஆடல."

"அப்றம் ஏன் மிஸ்? நேத்து வரைக்கும் அந்தம்மா எங்கிட்ட நல்லாத்தான பேசனாங்க. இன்னிக்கி மூஞ்சியே பாக்கல."

"வெளிநாட்டுக்காரங்க அப்டித்தான்டி. வருவாங்க, போவாங்க. நான் இருக்கேன் இல்ல?"

மோனிகா அவள் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். மங்கை அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மறுபடியும் தன்னிடமே வந்துவிட்டாள் என்று ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் உண்மையானது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. திருடிய புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி பார்க்கிற மாதிரி, அழகாகவும் இருந்தது, உடம்பும் கூசியது. அன்று அவள் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் பங்குனி அமாவாசை. மேல்மலையனூர்க் கூட்டத்துக்காக இருக்கிற பஸ்ஸையெல்லாம் ஸ்பெஷலாக விட்டுவிட்டார்கள், வெளியூர்ப் பெண்கள் வந்துசேர முடியாது என்று கேம்புக்கு அன்று லீவு. மங்கை மாமியாருக்குத் துணையாகக் கோயிலுக்குப் புறப்பட்டு, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சம்பழ மாலையும் வேப்பிலையுமாக நெருக்கித் தள்ளும் கூட்டத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்போது ரஞ்சனி கூப்பிட்டாள்.

"மேடம், குட் நியூஸ்! நாங்க பாண்டிச்சேரியில இருக்கோம். ஜனாருக்கு மனசே கேக்கல. இப்படிக் குதிக்கிற முட்டி கிழிஞ்ச முட்டியா இருக்காது, நான் என் கண்ணால பாக்கணும்னு ஒரே பிடிவாதம். மோனிகாவைக் கூட்டிட்டு வந்து ஸ்கேன் எடுத்தோம். ஒண்ணுமே இல்ல மேடம். முட்டி புதுசா வாங்கின மாதிரி இருக்குதுன்னு டாக்டர் சொல்றாரு!"

"அப்டியா," என்றாள் மங்கை.

"அவளுக்கு அடியே பட்டதில்லையாமே. யாரு மேடம் உங்ககிட்ட தப்பாச் சொன்னது?"

ஒரு ஸ்பெஷல் பஸ் உள்ளே திரும்பியது. கூட்டம் ஓவென்று அதன்மேல் விழுந்தது. "கேக்கல ரஞ்சனி, இங்க ஒரே சத்தம்," என்று சொல்லி மங்கை போனை வைத்தாள். மாமியார் விருத்தாம்பாள் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட்டுப் பிடித்துவிட்டு, "ஏறுடி, ஏறுடி" என்று உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தாள். மங்கை ஏறினாள். அங்காளம்மன் சன்னிதியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றபோது என்ன வேண்டிக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்கேன் தப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு கணம் மனசில் வந்தது. ஒரு பெண்ணின் முட்டி கிழிந்திருக்க வேண்டும் என்று அம்மன் முன்னால் நின்று நினைக்கிறோமே என்று தெரிந்ததும், கற்பூரத் தட்டைத் தொடாமலே கூட்டத்தோடு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் காலை, பெண்கள் வருவதற்கு முன்னாலேயே ஜனார் மைதானத்தில் நின்றிருந்தாள். மங்கை வேண்டுமென்றே மெதுவாக நடந்துபோனாள். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் மைதானம் அவ்வளவுதான் அகலம்.

"ஏன்?" என்றாள் ஜனார்.

மங்கைக்கு எத்தனையோ பதில் இருந்தது. யாரோ சொன்னார்கள், வேறொரு பெண் என்று நினைத்துவிட்டேன், உங்கள் இங்கிலீஷ் புரியவில்லை. எல்லாவற்றையும் வழியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஜனாரின் முகத்தைப் பார்த்ததும் வேறொன்று வாயில் வந்தது.

"எட்டு மேட்ச் இல்லை," என்றாள். "ஒன்றுமில்லை. ஜீரோ. பெஞ்ச் மட்டும்."

அதைச் சொன்னால் எதிரே இருப்பவள் கொஞ்சம் இளகுவாள் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஜனார் இளகவில்லை. அவள் காது சிவந்தது.

"நான் அதைக் கேட்கவில்லை," என்றாள். "எட்டு, ஜீரோ, எனக்கு வேண்டாம். நீ டிஃபென்டர் என்று நம்பினேன். டிஃபென்டருக்கு வேலை ஒன்றுதான். பின்னால் இருக்கிறவளைக் காப்பாற்றுவது." மூச்சு வாங்கி, அவள் பாஷையில் ஏதோ நாலு வார்த்தை தரையைப் பார்த்துச் சொன்னாள். அது திட்டு என்று புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை. "பட்டியல் போய்விட்டது. இரண்டு டிக்கெட். மறுபடியும் எழுதியிருக்கிறேன். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது என்று தெரியாது. நான் சொல்ல மாட்டேன். நீ சொல்ல வேண்டும். இன்றைக்கு."

"சொல்லலேன்னா?" இது மங்கைக்குத் தமிழில்தான் வந்தது.

ஜனார் எப்படியோ புரிந்துகொண்டாள். கூம்புகளை எடுத்துக்கொண்டு போய், தானே ஒவ்வொன்றாக மைதானத்தில் வைக்க ஆரம்பித்தாள். குனியும்போதெல்லாம் இடது காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே குனிந்தாள். இவ்வளவு நாளும் மங்கை அதைக் கவனிக்கவில்லை.

அன்று மோனிகா பயிற்சிக்கு வரவில்லை. கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காததால் வீட்டில் நிறுத்திக்கொண்டார்களாம். மங்கை பத்து மணி பஸ்ஸில் வல்லம் போனாள். நிறுத்தத்தில் இறங்கியும் உடனே போகவில்லை. நிழற்குடையில் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் செஞ்சிக்குத் திரும்பும் பஸ் ஒன்று வந்து நின்று போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போய்விட்ட பிறகுதான் எழுந்து கொல்லைப் பக்கம் நடந்தாள்.

வேரோடு பிடுங்கிய செடிகளை வரப்போரத்தில் குவித்து, வேப்பமர நிழலில் மோனிகாவும் அவள் அம்மா அமலாவும் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அமலா பதறி எழுந்தாள். "வாங்க டீச்சர், வாங்க. தோ பாருங்க, கை காலெல்லாம் மண்ணு. இரு, நான் போயி தண்ணி கொண்டாறேன்."

"வேணாங்க, உக்காருங்க."

"அட இரு டீச்சர், வெயில்ல வந்துக்கிற." அவள் வீட்டைப் பார்க்க விறுவிறுவென்று நடந்தாள்.

மங்கை குவியலின் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஒரு செடியை எடுத்து, அவளும் காயைக் கிள்ளிப் போட ஆரம்பித்தாள். மோனிகா சிரித்தாள். "விடுங்க மிஸ், நகத்துக்குள்ள மண்ணு பூந்துக்கும். தெரியுமா மிஸ், எனக்கு முட்டி கிழிஞ்சி இருக்குதுன்னு எவளோ போட்டுக் குடுத்துக்கிறா. அதான் பேரு வரலையாம். ரஞ்சனிக்கா சொன்னாங்க. கடலூர்க்காரிங்கதான், வேற யாரு? நான் யார் வம்புக்கும் போனதில்ல மிஸ்."

"கடலூர்க்காரிங்க இல்ல," என்றாள் மங்கை.

"அப்றம்?"

"நான்தான்."

மோனிகாவுக்கு முதலில் புரியவில்லை. சிரிப்பு முகத்திலேயே இருந்தது. "நீங்கதான் இன்னா மிஸ்?"

"நான்தான் சொன்னேன். உனக்கு முட்டி கிழிஞ்சிருக்குதுன்னு லனார்கிட்ட நான்தான் சொன்னேன். பொய்தான். தெரிஞ்சேதான் சொன்னேன்." நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. "நீ அவளப் பாத்து சிரிச்ச. எனக்குத் தாங்கல. நீ போயிடுவன்னு தாங்கல. அதுமட்டுமில்ல. நீ போயி ஆடிடுவ இல்ல, உள்ள போயி ஆடிடுவ. அதுதான் தாங்கல. நான் இந்தியாவுக்கு ஒரு மேட்ச்சும் ஆடல மோனிகா. எட்டுன்னதும் பொய்தான்."

எங்கோ ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. மோனிகாவின் விரல்கள் வேலையை நிறுத்தவில்லை. செடியை எடுப்பதும், உதறுவதும், காயைக் கிள்ளி முறத்தில் போடுவதும், வெறும் செடியைப் பின்னால் எறிவதுமாக, முன்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் மங்கையைப் பார்க்கவில்லை. ஏதாவது கேட்பாள், கத்துவாள், எழுந்து போய்விடுவாள் என்று மங்கை காத்திருந்தாள். கழுத்தில் வேர்வை இறங்கியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை ரொம்பச் சின்னதாக இருந்தது. மூடிக்கொண்டாள்.

அமலா ஒரு செம்பில் மோரும், காலிப் பை ஒன்றும் கொண்டுவந்தாள். "குடி டீச்சர். பசங்க எப்டி ஆடுதுங்க? இந்த நாயி ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருந்துது. நேத்து பாண்டி போயி வந்ததுல இருந்துதான் சிரிச்சிக்கினு கீது. அடியே, டீச்சருக்குப் பச்ச மல்லாட்ட கொஞ்சம் போட்டுக் குடு. நல்லதாப் பாத்துப் போடு, நறுங்கல் போடாத."

மோனிகா பையை வாங்கினாள். முறத்திலிருந்து ஒரு கை அள்ளினாள். உள்ளங்கையில் வைத்து, சொத்தையும் சூம்பிய நறுங்கலுமாக இருந்ததை விரலால் தள்ளிவிட்டு, முற்றிய காயாகப் பார்த்துப் பையில் போட்டாள். மறுபடி ஒரு கை. மறுபடி பொறுக்கினாள். மங்கை மோர்ச் செம்பைக் கையில் பிடித்தபடி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமலா ஆள் கிடைக்காததைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். பாதிப் பை நிறைந்ததும் மோனிகா வாயைச் சுருட்டி முடிச்சுப் போட்டாள். இரண்டாவது முடிச்சும் போட்டாள். எழுந்து வந்து, மங்கையின் நீட்டிய கையில் கொடுக்காமல், அவள் காலடியில் மண்ணின்மேல் வைத்துவிட்டுப் போய், தன் இடத்தில் உட்கார்ந்து அடுத்த செடியை எடுத்து உதறினாள். ஈர மண் உதிர்ந்து, பையின் மேலும் மங்கையின் புடவையின் மேலும் கொஞ்சம் விழுந்தது.